மணாலி போறீங்களா? அண்ணாந்து பார்த்தது போதும்... கொஞ்சம் குனிஞ்சும் பாருங்க!

கோடை லீவுக்கு மணாலி, சிம்லா, முசோரி என்று டிக்கெட் போட்டு வெச்சிருக்கீங்களா? பனியில் விளையாடுவது, ரோப் கார், ஆப்பிள் தோட்டம், குளிரில் நின்றபடி சுடச்சுட மேகி என்று லிஸ்ட் எல்லாம் ரெடியாக இருக்கும். திரும்பி வந்த பிறகு போட்டோக்களைப் புரட்டிப் பாருங்கள். முக்கால்வாசிப் படங்களில் உங்களுக்குப் பின்னால் உயரமாக, கரும்பச்சையாக, கூம்பு கூம்பாக மரங்கள் நிற்கும். 'அது என்ன மரம்?' என்று பாட்டி கேட்டால் என்ன சொல்வீர்கள்? 'பைன் மரம்' அல்லது 'கிறிஸ்துமஸ் மரம்'. பெரும்பாலானவர்களின் பதில் அதோடு முடிந்துவிடும்.

உண்மையில் அந்த ஒரு போட்டோவுக்குள்ளேயே நாலைந்து வேறு வேறு மரங்கள் இருக்கலாம். அவற்றின் காலடியில், நீங்கள் ஷூ போட்டு மிதித்துவிட்டு வந்த இடத்தில், நூற்றுக்கணக்கான செடிகள் குடித்தனம் நடத்துகின்றன. உங்கள் வீட்டு பிரியாணியில் விழும் ஒரு மசாலாவுக்கும், நம்மூர் புற்றுநோய் வார்டுகளில் ஏற்றப்படும் ஒரு மருந்துக்கும் அந்தக் காட்டோடு சம்பந்தம் உண்டு. அதனால், போவதற்கு முன் கொஞ்சம் அறிமுகம் செய்துகொள்வோமே!

ஒரே மலை... இரண்டு பக்கம், இரண்டு உலகம்!

மேற்கு இமயமலையில் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டரிலிருந்து 3,300 மீட்டர் வரைக்கும் இருப்பவை ஈரமான குளிர்காடுகள். இந்தியக் காடுகளை வகைபிரித்த சாம்பியன், சேத் இருவரும் 1968-ல் வெளியிட்ட பட்டியலில் இவை 12-வது தொகுதி. தேவதாரு காடு தனி, பல ஊசியிலை மரங்கள் கலந்த காடு தனி, ஓக் காடுகளிலேயே மூன்று தனித்தனி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வனத்துறையினர் இன்றைக்கும் அந்தப் பட்டியலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் காடுகளுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை தண்ணீர் கிடைக்கிறது. ஜூலையில் தொடங்கும் பருவமழை ஒன்று. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று கொட்டிவிட்டுப் போகும் பனி இன்னொன்று. மழை வந்த வேகத்தில் ஓடிவிடும். பனி அப்படியில்லை, மார்ச், ஏப்ரல் வரை சொட்டுச் சொட்டாக உருகி மண்ணுக்குள் இறங்கும். கோடை தொடங்கும்போது காடு பச்சையாக இருப்பதற்கு இந்த 'ஃபிக்ஸட் டெபாசிட்' ஒரு முக்கியமான காரணம்.

காரில் மலையேறும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒன்றைக் கவனியுங்கள். ஆற்றின் ஒரு கரையில் இருக்கும் மலை அடர்ந்த காடாக இருக்கும். எதிர்க்கரை மலையோ காய்ந்த புல்லும் பாறையுமாக நிற்கும். 'அந்தப் பக்கம் வெட்டிட்டாங்க போல' என்று தோன்றும். சில இடங்களில் அது உண்மைதான். ஆனால், பெரும்பாலும் காரணம் சூரியன். தெற்கு பார்த்த சரிவில் நாள் முழுக்க வெயில் அடிக்கும், பனி சீக்கிரம் உருகிவிடும், மண் காய்ந்துவிடும். வடக்கு பார்த்த சரிவில் வெயில் சாய்வாக விழும், பனி வாரக்கணக்கில் தங்கும். ஈரம் விரும்பும் மரங்கள் எல்லாம் அந்தப் பக்கமாகக் குடியேறிவிடுகின்றன. வீடு வாங்கும்போது நாம் திசை பார்ப்போமே, மரங்களும் அப்படித்தான்!

இடும்பி வீட்டுத் தோட்டம்

மணாலி போகிறவர்கள் தவறாமல் போகும் இடம் ஹிடிம்பா கோயில். பீமனைக் கல்யாணம் செய்த, கடோத்கசனின் அம்மாவான நம்ம இடும்பிதான் அங்கே தெய்வம். 1553-ல் கட்டப்பட்ட அந்த மரக் கோயிலைச் சுற்றி வானத்தைத் தொடுகிற மாதிரி நிற்பவை தேவதாரு மரங்கள். 'தேவர்களின் மரம்' என்று பெயரிலேயே இருப்பதால் கோயில் காடுகளில் இதை வெட்டத் துணிய மாட்டார்கள். ஹிமாச்சலின் மாநில மரம் இது. எல்லைக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தானுக்கு தேசிய மரம்.

தேவதாருவின் எண்ணெய்ப் பிசுக்கான கட்டையைக் கரையான் சீண்டாது. அதனால் ஒரு வரிசை கல், ஒரு வரிசை தேவதாரு கட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கிச் சுவர் எழுப்புவது அந்த ஊர் வழக்கம். 'காட் குனி' என்பார்கள். மணாலி பக்கத்திலேயே இருக்கும் நக்கர் கோட்டை அப்படிக் கட்டியதுதான். 1905-ல் காங்ரா பகுதியைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றது. இவ்வளவு நல்ல குணங்கள் இருந்தால் ஆபத்தும் கூடவே வரும் இல்லையா? 1850-களிலிருந்து ரயில் பாதை போட ஸ்லீப்பர் கட்டைகள் தேவைப்பட்டபோது, பிரிட்டிஷ்காரர்களின் கண் தேவதாரு மேல்தான் விழுந்தது. பாகீரதி பள்ளத்தாக்கில் ஃப்ரெடரிக் வில்சன் என்பவர், தெஹ்ரி ராஜாவிடம் குத்தகை எடுத்து, மரங்களை வெட்டி ஆற்றிலேயே மிதக்கவிட்டு சமவெளிக்கு அனுப்பிக் கோடீஸ்வரர் ஆனார். இப்படியே போனால் மரமே மிஞ்சாது என்ற பயமும் சேர்ந்துதான் 1864-ல் இந்திய வனத்துறை உருவானது.

சரி, தேவதாருவை மற்ற மரங்களிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கீழே விழுந்து கிடக்கும் ஒரு சிறு கிளையை எடுத்து ஊசிகளை எண்ணுங்கள். மூன்று மூன்றாகச் சேர்ந்து நீளமாக இருந்தால் அது சீர் பைன், சற்றே தாழ்வான, வெப்பமான சரிவுகளின் மரம். ஐந்து ஐந்தாக, நீலம் கலந்த பச்சையில் தொங்கினால் 'கைல்' எனப்படும் நீலப் பைன். குட்டையான ஊசிகள் ஒரே புள்ளியிலிருந்து பூங்கொத்து மாதிரி விரிந்தால் தேவதாரு. ஊசிகள் கொத்தாக இல்லாமல் தனித்தனியாகக் கிளையில் உட்கார்ந்திருந்தால், நீங்கள் ஸ்ப்ரூஸ் அல்லது ஃபிர் மரத்துக்குக் கீழே நிற்கிறீர்கள். இந்த இரண்டில் எது என்று குழப்பமா? மரத்தோடு கை குலுக்கிப் பாருங்கள். ஊசி நறுக்கென்று குத்தினால் ஸ்ப்ரூஸ். தட்டையாக, மென்மையாக, அடிப்பக்கம் இரண்டு வெள்ளைக் கோடுகளோடு இருந்தால் சில்வர் ஃபிர்.

காய்களிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்ப்ரூஸ் காய் தலைகீழாகத் தொங்கி, முழுசாகக் கீழே விழும். ஃபிர் காய் ஊதா நிறத்தில் மெழுகுவத்தி மாதிரி கிளைமேல் நிமிர்ந்து நிற்கும், மரத்திலேயே உதிர்ந்து தூளாகிவிடும். அதனால் தரையில் முழு ஃபிர் காய் கிடைப்பது அபூர்வம். தேவதாருவின் காயும் உதிர்கிற ரகம்தான். ஆனால், அதன் நுனி மட்டும் சேதமில்லாமல், மரத்தில் செதுக்கிய ரோஜாப்பூ மாதிரி விழும். பிள்ளைகளைப் பொறுக்கச் சொன்னால் அரை நாள் போனை மறந்துவிடுவார்கள்.

ஊசிகளுக்கு நடுவே ஓக்

ஊசியிலைக் காடு என்று பெயர் இருந்தாலும் ஊசியிலை மட்டுமே இருக்கும் இடம் குறைவு. கீழே பாஞ்ச், நடுவில் மோரு, மேலே கர்சு என்று மூன்று வகை ஓக் மரங்கள் உயரத்துக்குத் தகுந்தபடி இடம் பிடித்திருக்கின்றன. கூடவே வால்நட், மேப்பிள், ஹார்ஸ் செஸ்ட்நட். மலைவாசிகளைக் கேட்டால் ஓக் மரத்தைத்தான் வீட்டு மரம் என்பார்கள். மாட்டுக்குத் தழை, அடுப்புக்கு விறகு, வயலுக்கு இலை எரு எல்லாமே அதிலிருந்துதான்.

மூன்றில் கர்சுவின் கதை கொஞ்சம் பாவமானது. அதன் விதை மழைக்காலத்தில் விழும், விழுந்த உடனே முளைக்கும். சில சமயம் மரத்தில் இருக்கும்போதே முளை விட்டுவிடும். பாதுகாத்து வைத்து அடுத்த வருஷம் நடலாம் என்றால் நடக்காது, சில வாரங்களிலேயே உயிர் போய்விடும். விதை விழுவதும் மழை வருவதும் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும். மழை தள்ளிப்போனால் அந்த வருஷத்து விதைகள் வீண். தப்பிப் பிழைத்த கன்றுகளையும் ஆடு மாடுகள் மேய்ந்துவிட்டால்? கிழட்டு மரங்கள் மட்டும் நிற்கும் கர்சு காடுகள் இப்படித்தான் உருவாகின்றன. பார்வைக்கு கம்பீரமாக இருக்கும், ஆனால் வாரிசு இருக்காது.

இங்கேயே நமக்கு ஒரு சொந்தக்காரரும் உண்டு. மார்ச், ஏப்ரலில் மலையையே சிவப்பாக்கும் 'புரான்ஸ்' எனப்படும் ரோடோடென்ட்ரான். அதே இனத்தின் ஒரு கிளை, கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர் தள்ளி, நடுவில் எங்கேயும் இல்லாமல், நம் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் வளர்கிறது. நாம் காட்டுப்பூவரசு என்று சொல்வது அதைத்தான்!

கல்பாசி எங்கேயிருந்து வருது தெரியுமா?

இப்போது குனியும் நேரம். வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும் மரங்களுக்குக் கீழே வெளிச்சம் குறைவு. உதிர்ந்த ஊசிகள் மெத்தை மாதிரி சேர்ந்து மெதுவாகத்தான் மக்கும். இந்த இடத்தில் பிழைக்க ஒவ்வொரு செடிக்கும் ஒரு தந்திரம் தேவை. பெரணிகளும் பாசிகளும் இருட்டுக்கே பழகிவிட்டன. காட்டு ஸ்ட்ராபெரி, வயலட் போன்றவை பனி உருகியதும் அவசர அவசரமாகப் பூத்து முடித்துவிடும். படமெடுத்த நாகம் மாதிரி பூக்கும் 'கோப்ரா லில்லி' இன்னும் கெட்டிக்காரச் செடி. கிழங்கில் சேமிப்பு குறைவாக இருக்கும் வருஷம் ஆணாகப் பூக்கும். நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்த வருஷம் பெண்ணாகப் பூத்துக் காய்க்கும். பிள்ளை பெறச் செலவு அதிகம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது!

பச்சையமே இல்லாமல், மெழுகில் செய்தது மாதிரி வெளிறிய செடி ஒன்றும் சில இடங்களில் தலைகாட்டும். மோனோட்ரோபா என்று பெயர். அது தானாக உணவு தயாரிப்பதில்லை. ஊசியிலை மரங்களின் வேரோடு பூஞ்சை இழைகள் சேர்ந்து வாழ்கின்றன. பூஞ்சை மண்ணிலிருந்து தண்ணீரும் தாதுக்களும் எடுத்துக் கொடுக்கும், மரம் பதிலுக்கு சர்க்கரை கொடுக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் நைசாகக் கையை நுழைத்து, பூஞ்சை வழியாக மரத்தின் சர்க்கரையைச் சாப்பிடுகிறது மோனோட்ரோபா.

மரப்பட்டைகளைத் தொட்டுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், ஓரம் சுருண்ட தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதா? செட்டிநாட்டுக் குழம்பிலும் பிரியாணியிலும் போடும் கல்பாசியின் உறவினர்கள் அவை. பெயரில் பாசி இருந்தாலும், பூஞ்சையும் நுண்பாசியும் ஒரே உடலாகச் சேர்ந்து வாழும் லைக்கன் இது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கிடைக்கிறது. ஆனால், மசாலா சந்தைக்கு வரும் சரக்கில் கணிசமான பங்கு உத்தரகாண்ட் போன்ற இமயமலைப் பகுதிகளின் ஓக் காடுகளிலிருந்து போகிறது. அங்கே 'ஜூலா' என்பார்கள். லைக்கன் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். உங்கள் அஞ்சறைப் பெட்டியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கல்பாசி இருந்தால், அது எத்தனை வருஷத்துச் சம்பாத்தியம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்கெட்டில் சில துண்டுகளின் பின்னால் மரப்பட்டைத் துணுக்கும் சேர்ந்தே வரும், மரத்திலிருந்து உரித்த அடையாளம். குழம்புக்கு ஒரு சிட்டிகை போதும், வாசனை தூக்கலாகவே இருக்கும்.

உயிர் கொடுத்த மரம், உயிருக்குப் போராடும் மரம்

பெரிய மரங்களின் நிழலில், அவசரமே இல்லாமல் வளரும் குட்டையான மரம் ஒன்று இருக்கிறது. தட்டையான கரும்பச்சை ஊசிகள், செம்பழுப்புப் பட்டை, பெண் மரத்தில் சின்னச் சின்ன சிவப்புப் பழங்கள். இதுதான் 'துனேர்' எனப்படும் யூ மரம். மலைவாசிகள் இதன் பட்டையைத் தேயிலைக்குப் பதிலாகப் போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்திருக்கிறார்கள். அந்த அளவில் மரத்துக்கு ஒரு சேதமும் இல்லை.

கதை மாறியது அமெரிக்காவில். 1962-ல் அங்கே பசிபிக் யூ மரத்தின் பட்டையை ஆய்வுக்காகச் சேகரித்தார்கள். மன்ரோ வால், இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணி இருவரும் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1971-ல் வெளியிட்டார்கள். அதுதான் டாக்ஸால். 1992-ல் சினைப்பைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு மார்பகப் புற்றுநோய்க்கும். நம்மூர் மருத்துவமனைகளில் 'பேக்ளிடாக்ஸல்' என்ற பெயரில் ஏற்றப்படும் கீமோ மருந்து இதுவே. உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் ரத்தத்தில் அது ஓடியிருக்கக்கூடும்.

பட்டையில் இந்த மருந்து மிகமிகக் குறைவான அளவில்தான் இருக்கிறது. ஒருவரின் சிகிச்சைக்கே பல மரங்களின் பட்டை வேண்டியிருந்தது. பட்டையை முழுக்க உரித்தால் மரம் செத்துவிடும். யூ மரத்தின் ஊசிகளிலிருக்கும் இன்னொரு பொருளை வைத்து மருந்தைத் தயாரிக்கலாம் என்று கண்டுபிடித்ததும் உலகின் பார்வை இமயமலை யூ மரத்தின் மேலும் திரும்பியது. மூட்டை மூட்டையாக இலையும் பட்டையும் இறங்கின. 1995-ல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். இப்போது ஆய்வகத்தில் செல்களை வளர்த்தே மருந்து எடுக்கும் முறை வந்துவிட்டது. ஆனாலும், இமயமலை யூ இன்று அழியும் ஆபத்தில் இருக்கும் மரங்களின் வரிசையில்தான் இருக்கிறது. காரணம் எளிது. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் விதை. விதை முளைக்க வருஷக்கணக்கில் ஆகும். வெட்டுகிற வேகத்துக்கு இதால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்தச் சிவப்புப் பழம் குழந்தைகளை 'வா வா' என்று கூப்பிடும். உள்ளே இருக்கும் விதையும், மரத்தின் இலையும் கடும் விஷம். பறிக்க விடாதீர்கள்.

யூ மட்டும்தானா என்றால், இல்லை. மூன்று இலைகளோடு நிற்கும் 'நாக் சத்ரி', அதன் சொந்தக்காரச் செடியான 'சத்துவா' இரண்டின் கிழங்குகளையும் ஹிமாச்சலிலும் உத்தரகாண்டிலும் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுக்கிறார்கள். இலையைப் பறித்தால் அடுத்த வருஷம் துளிர்க்கும். கிழங்கையே தோண்டினால் என்ன மிஞ்சும்? தோண்டுகிறவர்கள் பெரும்பாலும் வேறு வருமானம் இல்லாத ஏழைகள், லாபம் போவது எங்கோ இருக்கும் வியாபாரிகளுக்கு. பனி உருகியதும் முளைக்கும் 'குச்சி' காளானின் கணக்கு கொஞ்சம் பரவாயில்லை. கிலோ பல ஆயிரம் ரூபாய் என்பதால், காலையில் காட்டுக்குள் போய் ஒரு கைப்பிடி கொண்டுவந்தாலே ஒரு குடும்பத்துக்குப் பெரிய வரவு. மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சை இழைகள் பிழைத்திருந்தால் அடுத்த வருஷமும் காளான் வரும்.

விழுந்த மரம் குப்பை இல்லீங்க!

காட்டில் நடக்கும்போது, பாசி மூடி அழுகிக் கிடக்கும் பெரிய கட்டைகளைப் பார்க்கலாம். 'இதை அப்புறப்படுத்தக் கூடாதா?' என்று தோன்றும். ஒரு நிமிஷம் அதன் மேல் உற்றுப் பாருங்கள், விரல் நீளத்துக்கு ஸ்ப்ரூஸ், ஃபிர் கன்றுகள் முளைத்திருக்கலாம்.

சில்வர் ஃபிர் காடுகளின் மிகப் பெரிய தலைவலியே வாரிசுப் பிரச்னைதான். நூறு வருஷத்துக்கும் மேலாக வன அதிகாரிகள் இதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். தரையில் மக்காத ஊசிகள் தடிமனாகச் சேர்ந்துவிடுகின்றன. விதை அதன் மேல் விழுந்து முளைக்கும், வேர் கீழே இறங்கப் பார்க்கும். மண்ணைத் தொடுவதற்குள் மேல் அடுக்கு காய்ந்து, கன்று கருகிவிடும். தப்பித்தால் ரிங்கால் என்ற குட்டை மூங்கிலும் களைகளும் வெளிச்சத்தை மறைக்கும், அதற்கும் தப்பித்தால் ஆடுகள் வரும். அழுகும் கட்டை இந்தப் போராட்டத்தில் ஒரு மேடை. களைகளைவிட உயரம், பஞ்சு மாதிரி ஈரம். அதை விறகாக இழுத்துக்கொண்டு போய்விட்டால் அந்தத் தொட்டிலும் போச்சு.

ஒரு காலத்தில் நாம் சாப்பிட்ட சிம்லா ஆப்பிள் வந்த பெட்டிகளே ஃபிர், ஸ்ப்ரூஸ் பலகைகள்தான். பழத் தோட்டங்கள் பெருகப் பெருக, பெட்டிக்காகக் காடு குறைந்தது. பச்சை மரம் வெட்டக் கட்டுப்பாடுகள் வந்து, அட்டைப்பெட்டிக்கு மாறிய பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியது.

நம் கொடைக்கானல் பைன் காட்டுக்குப் போயிருப்பீர்கள். அழகுதான், சினிமாப் பாட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால், அது மனிதர்கள் நட்ட தோப்பு. அங்கே ஒரே மரம், ஒரே உயரம், கீழே வெறும் ஊசி மெத்தை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு என்று சொந்தமாக இருக்கும் ஊசியிலைக் குடும்ப மரம் ஒன்றே ஒன்றுதான், அகத்தியமலைப் பக்கத்து மழைக்காடுகளில் இருக்கும் போடோகார்பஸ். வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஊசி கிடையாது, அகலமான இலை!

கலந்து வளர்ந்த காட்டைப் பார்க்க ஆசையென்றால், மணாலிக் கூட்டத்திலிருந்து விலகி தீர்த்தன் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு நாள் ஒதுக்குங்கள். 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா அங்கேதான். உள்ளே போக வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அழைத்துக்கொண்டால் மேலே சொன்ன முக்கால்வாசிச் செடிகளை அவரே காட்டிவிடுவார், அவர் வீட்டு அடுப்பும் எரியும். போட்ட பாதையிலேயே நடங்கள். பாதையை விட்டு இரண்டடி தள்ளி வைக்கும் கால், இரண்டு அங்குலக் கன்றின் மேல் விழலாம். பெரணியும் காளானும் கொழிப்பது ஜூலை, ஆகஸ்ட்டில். அந்த நேரம் மலைச்சாலைகளில் மண் சரியும் என்பதால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏப்ரல், மே தான் வசதி.

ஏப்ரலில் போனால் வழியோரக் கடைகளில் பாட்டில் பாட்டிலாக சிவப்பு ஜூஸ் வைத்திருப்பார்கள். அது புரான்ஸ் பூவில் எடுத்தது. லேசான புளிப்பு, லேசான துவர்ப்பு. மலைக் கிராமத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து தயாரித்ததா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். ஒரு பங்கு ஜூஸுக்கு மூன்று பங்கு குளிர்ந்த தண்ணீர் சேர்த்துக் குடித்தால் சென்னை வெயிலுக்கு அருமையாக இருக்கும்.